45 என்ற எண்ணில் மறைந்துபோன கட்டுமானத் தொழிலாளர்கள்

2009-10ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 45 என்ற தொழில் எண் கட்டுமானத்தைக் குறிக்கும். இரண்டே ஆண்டுகள் கழித்து நடந்த 2011-12ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே 45, மோட்டார் வாகன விற்பனையையும் பழுதுபார்ப்பையும் குறிக்கும். இடையில் தேசியத் தொழில் வகைப்பாட்டின் 2004ஆம் ஆண்டுப் பதிப்பு போய் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. கட்டுமானம் 41, 42, 43 என்று மூன்று பிரிவுகளாகப் பிரிந்து இடம்பெயர்ந்தது. இரண்டு ஆண்டுகளின் கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ‘தொழில்’ என்று ஒரே பெயரிட்டு, 45-ஐக் கட்டுமானம் என்று எண்ணும் ஓர் ஆய்வாளரின் அட்டவணையில், செங்கல் சுமந்தவர்களும் கம்பி கட்டியவர்களும் கோடிக்கணக்கில் மறைந்துபோவார்கள். மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லாது. சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வராது. அட்டவணை அழகாக அச்சாகும். அதன் கீழே கட்டுமானத் துறையின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடி மூன்று பக்கம் எழுதவும் இயலும். விவசாயத்தை விட்டு வெளியேறியவர்களைக் கட்டுமானத் துறைதான் தாங்கிக்கொண்டதா என்பது அந்த ஆண்டுகளின் இந்தியப் பொருளியலில் முக்கியமான விவாதம். அதற்கு நேர் எதிரான விடையை ஒரு தவறான எண் தந்துவிடும்.

இப்படிப்பட்ட பிழைகள் பொருளியல் அரங்குகளில் அரிதாகவே பேசப்படுகின்றன. கருத்தரங்கில் ஓர் ஆய்வுக்கட்டுரை வாசிக்கப்பட்டால் கோட்பாட்டைப் பற்றிக் கேள்வி எழும். எடுகோள்களைப் பற்றி எழும். மேற்கோள் காட்டப்படாத ஆசிரியர்களைப் பற்றி, சிலவேளை கேள்வி கேட்பவரின் சொந்தக் கட்டுரையைப் பற்றியே எழும். ‘குடும்பக் கோப்பையும் தனிநபர்க் கோப்பையும் எந்த அடையாள எண்களைக் கொண்டு இணைத்தீர்கள்? இணையாமல் நின்ற வரிகள் எத்தனை?’ என்று எவரும் கேட்பதில்லை. அது எழுத்தர் வேலை என்ற எண்ணம் ஆழப் பதிந்துவிட்டது. சிந்திப்பவர் பேராசிரியர், கோப்பை அடுக்குபவர் உதவியாளர் என்ற பிரிவினை இந்தியச் சமூகத்துக்குப் புதிதன்று. கையால் செய்யும் வேலைக்கு ஒரு படி கீழான இடம் தரும் பழக்கம் கணினியின் முன்னும் தொடர்கிறது. ஆனால் தரவைக் கொண்டு எழுதப்படும் ஆய்வில், கோப்புகளை ஒழுங்குபடுத்துவது ஆய்வு தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடும் துப்புரவு வேலை அன்று. யாரை உழைப்பாளர் என்று எண்ணுவது, எந்தக் குடும்பத்தை விடுவது, எந்த இரண்டு ஆண்டுகளை ஒப்பிடத்தக்கவை என்று ஏற்பது ஆகிய பொருளியல் முடிவுகள் அனைத்தும் அங்கேதான் எடுக்கப்படுகின்றன. பிற்பாடு வரும் சமன்பாடு பெரும்பாலும் அந்த முடிவுகளின் நிழல்.

2019 நவம்பரில், 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை வெளியிடப்போவதில்லை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. பொருளியலாளர்கள் எதிர்த்தனர்; எதிர்த்தது சரியே. 2011-12க்குப் பிறகு 2022-23 வரை, வறுமையை அளக்கத் தேவையான அதிகாரப்பூர்வ நுகர்வுத் தரவு இல்லாத நீண்ட இடைவெளி உருவானது. தரவு பொதுச்சொத்து, அதை மறைப்பது குடிமக்களின் அறியும் உரிமையைப் பறிப்பது என்ற வாதம் அப்போது வலுவாக வைக்கப்பட்டது. அந்த வாதத்தின் மறுபாதிதான் இன்னும் பேசப்படவில்லை. பொதுச்சொத்தான தரவிலிருந்து ஓர் எண்ணை உருவாக்கி, வறுமை இவ்வளவு, பெண்களின் உழைப்புப் பங்கேற்பு இவ்வளவு என்று ஊரறியச் சொல்பவர், அந்த எண் பிறந்த வழியையும் ஊரறிய வைக்கக் கடமைப்பட்டவர் அல்லரா? அரசிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் கட்டுரையின் கட்டளைக் கோப்பு, எழுதியவரின் பழைய மடிக்கணினியில் ‘இறுதி_புதியது_திருத்தம்2’ என்ற பெயரில் கிடந்து, அதற்குமுன் ஓட வேண்டிய கோப்பு எது என்பது அவருக்கே நினைவில்லாமற் போயிருந்தால், அந்தக் கோரிக்கையின் குரல் சற்றே தாழத்தான் செய்யும்.

தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் அலகுநிலைத் தரவைப் பயன்படுத்தாதவர்களுக்கு இந்தச் சிக்கலின் அளவு எளிதில் விளங்காது. பாடநூலில் தரவு ஒரே அட்டவணையாக வரும். நூறு வரி, ஐந்து பத்தி. என்.எஸ்.எஸ். தரவு அப்படி வருவதில்லை. முன்பு குறுந்தகட்டில் விலைக்குக் கிடைத்தது; இன்று அமைச்சகத்தின் இணையதளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். இறக்கிப் பார்த்தால், பல சுற்றுகளுக்கு, இடைவெளியே இல்லாத எண்களின் நீண்ட வரிசைகள்தாம் கண்ணில் படும். முதல் மூன்று இடம் இதற்கு, அடுத்த ஐந்து இடம் அதற்கு என்று தனியொரு அமைப்புப் பட்டியல் சொல்லும். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு மாறியையும் வெட்டியெடுக்க வேண்டும். ஓரிடம் தள்ளி வெட்டினால் வயது மாறும், வருமானம் மாறும். குடும்பத்தின் பொதுத்தகவல் ஒரு கோப்பில், உறுப்பினர்கள் வேறொரு கோப்பில், உணவுச் செலவு மற்றொன்றில், நீடித்துழைக்கும் பொருள்களின் செலவு இன்னொன்றில் இருக்கும். இவை அனைத்தையும் ஒரே குடும்பத்தின் கதையாகக் கோப்பது ஆய்வாளரின் பொறுப்பு. 2022-23ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2,61,746 குடும்பங்களைச் சந்தித்தது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி என்று விரியும் அதன் கோப்பை எக்செலில் திறக்க முயல்பவர், அந்த மென்பொருள் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் கொள்ளாது என்பதை அறிந்திருக்க வேண்டும். அதற்குப் பிந்திய வரிகள் திரைக்கே வாரா.

கோப்பைக் கோப்போடு இணைக்கும் இடம்தான் மிகவும் வழுக்கும் இடம். 2011-12ஆம் ஆண்டின் 68ஆம் சுற்றில் ஒரு குடும்பத்தைத் தனியே அடையாளங்காண ஓர் எண் போதாது. ஊரையோ நகர்ப்புற வட்டாரத்தையோ குறிக்கும் முதனிலை அலகின் எண், குக்கிராமத் தொகுதியின் எண், இரண்டாம்நிலை அடுக்கின் எண், அந்த அடுக்குக்குள் குடும்பத்தின் வரிசை எண் ஆகியவை சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் ஒன்றாகும். இவற்றில் அடுக்கின் எண்ணை விட்டுவிட்டு இணைப்பது அடிக்கடி நேரும் தவறு. அந்தச் சுற்றின் நுகர்வுக் கணக்கெடுப்பில் ஊரகக் குடும்பங்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்திருந்தார்கள்: ஒப்பீட்டளவில் வசதியுள்ளவை முதல் அடுக்கு, விவசாயமல்லாத தொழிலில் முதன்மை வருவாய் ஈட்டுபவை இரண்டாவது, மற்றவை மூன்றாவது. ஒவ்வொரு அடுக்கிலும் குடும்ப எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே அடுக்கின் எண் விடுபட்டால், ஊரின் வசதியான வீட்டுக்கும் கூலிவேலை செய்யும் வீட்டுக்கும் ஒரே அடையாளம் வந்துவிடும்.

அப்போது ஸ்டேட்டா மென்பொருள், அடையாளம் தனித்துவமாக இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்த நிறுத்தம் ஒரு நன்மை. ஆனால் நள்ளிரவில் விடுதி அறையில் அமர்ந்து, மறுநாள் நெறியாளரிடம் அட்டவணை காட்ட வேண்டிய மாணவருக்கு அது தடையாகவே தெரியும். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற இணைப்புக் கட்டளையை ‘பலவற்றுக்குப் பல’ என்று மாற்றினால் தடை நீங்கிவிடும் என்பதை யாரோ ஒரு மூத்த மாணவர் எப்போதோ சொல்லிக் கொடுத்திருப்பார். கட்டளை ஓடிவிடும். ஒரே அடையாளம் கொண்ட வரிகளை, அவை கோப்பில் நிற்கும் வரிசைப்படி மென்பொருள் ஜோடி சேர்க்கும். வரிசை மாறினால் ஜோடியும் மாறும். பண்ணை வீட்டின் பால் செலவு கூலியாளின் குடும்பத்தில் போய் உட்காரும். ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டதாக அட்டவணை காட்டும். ஸ்டேட்டாவின் கையேடே இந்த ‘பலவற்றுக்குப் பல’ இணைப்பைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கிறது. கையேட்டைப் படிப்பவர் எத்தனை பேர் என்பது வேறு கதை.

அடுக்கின் எண்ணை விடாமல் சேர்த்தவரும் தப்பிவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. நான்கு எண்களையும் ஒட்டி ஒரே நீண்ட எண்ணாக்குவது வழக்கம். ஐந்து இலக்க அலகு எண்ணோடு மற்றவை சேர்ந்தால் ஒன்பது இலக்கம் வரும். ஸ்டேட்டா, வேறு கட்டளை இல்லாதபோது, புதிய எண் மாறியைக் குறைந்த துல்லியம் கொண்ட ‘ஃபுளோட்’ வகையில் சேமிக்கும். அந்த வகை 1,67,77,216 வரையுள்ள முழு எண்களை மட்டுமே பிசகின்றிக் காக்கும். அதைத் தாண்டினால் அருகிலுள்ள எண்ணுக்கு உருட்டிவிடும். 71 கோடி, 72 கோடி என்ற அளவிலுள்ள ஓர் அடையாள எண்ணில் அந்த உருட்டலின் படி 64. அதாவது 712341101, 712341102, 712341103 என்று அடுத்தடுத்து நிற்கும் மூன்று குடும்பங்கள் மென்பொருளின் நினைவில் ஒரே குடும்பமாகிவிடும். அடையாளத்தை எண்ணாக வைக்காமல் எழுத்துச்சரமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு வரியில் முடியும் திருத்தம். ஆனால் அது தேவை என்று தெரிவதற்கு யாராவது ஒருமுறை சொல்லியிருக்க வேண்டும்.

எழுத்துச்சரம் என்றதும் இன்னொன்று. தொழில் வகைப்பாட்டில் பயிர்ச் சாகுபடியின் பிரிவு எண் 01. ஐந்து இலக்கத் தொழில் எண்கள் 011 என்று தொடங்கும். அவற்றை எண்ணாகப் படித்தால் முன்னாலுள்ள சுழியம் உதிர்ந்துவிடும். பிறகு முதல் இரண்டு இலக்கங்களை வெட்டிப் பிரிவு எண்ணாக்கினால் வருவது 11. 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 11 என்பது பானத் தயாரிப்பு. நெல் விளைவிக்கும் உழவர் ஒரே கட்டளையில் சோடாத் தொழிற்சாலையில் சேர்ந்துவிடுகிறார். இது கண்ணில் படக்கூடிய பிழை என்று சொல்லலாம். நாட்டின் பாதி உழைப்பாளர்கள் பானம் தயாரிப்பதாக அட்டவணை சொன்னால் யாரும் திடுக்கிடுவார்கள். ஆனால் பிரிவுகளை மேலும் தொகுத்து ‘விவசாயம், தொழில், சேவை’ என்று மூன்றே வரியாக்கிவிட்டால் அந்தத் திடுக்கிடலுக்கான வாய்ப்பு குறைந்துவிடும். தொழில்மயமாதல் வியக்கத்தக்க வேகத்தில் நடப்பதாகவே தோன்றும்.

நகைப்புக்குரிய பெரிய பிழை அவ்வளவு தீங்கு செய்வதில்லை; நம்பத்தக்க சிறிய பிழைதான் நெடுங்காலம் வாழ்கிறது. மாதிரியின் பெருக்கி எண் இதற்குச் சான்று. கணக்கெடுப்பில் இடம்பெற்ற ஒவ்வொரு குடும்பமும் எத்தனை குடும்பங்களின் சார்பாகப் பேசுகிறது என்பதைச் சொல்வது பெருக்கி. என்.எஸ்.எஸ். கோப்புகளில் அது தசமப் புள்ளியின்றி எழுதப்பட்டிருக்கும். 100ஆல் வகுக்க வேண்டும். வகுக்க மறந்தால் இந்தியாவின் மக்கள்தொகை பதினாயிரம் கோடியைத் தாண்டும். எவரும் உடனே கண்டுகொள்வர். ஆனால் 68ஆம் சுற்று உள்ளிட்ட பல சுற்றுகளில் விதி அதோடு முடிவதில்லை. ஓர் உள்ளடுக்கில் இரண்டு துணைமாதிரிகளும் இருந்தால் 200ஆல் வகுக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் 100ஆல். கோப்பிலுள்ள இரண்டு எண்ணிக்கைகள் சமமா, இல்லையா என்று பார்த்து இதை முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாதியை மட்டும் மறந்தால் சில பகுதிகளின் குடும்பங்களுக்கு உரியதில் பாதி எடையே கிடைக்கும். விழுக்காடுகள் சற்றே நகரும். எவருக்கும் ஐயம் எழாத அளவுக்கே நகரும் என்பதுதான் அதிலுள்ள தீமை.

அந்தத் துணைமாதிரிகள் ஏன் இருக்கின்றன என்பது நினைக்கத்தக்கது. ஒரே பகுதியிலிருந்து ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டு, கணக்கெடுப்பின் பிழையைக் கணக்கெடுப்பே காட்டிக்கொடுக்கும்படி செய்யும் முறையை வளர்த்தவர் பி.சி. மகலனோபிஸ். 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியபோது அந்த ஐயப்பாட்டையும் அதன் உறுப்பாகவே அமைத்தார். தன் எண்ணைத் தானே நம்பாத ஒழுக்கம் அது. களத்தில் அவ்வளவு எச்சரிக்கையோடு திரட்டப்பட்ட தரவு, ஆய்வாளரின் மேசைக்கு வந்ததும் சரிபார்ப்பே இல்லாத கைகளில் விழுகிறது.

வறுமைக் கணக்கில் வேறொரு நுணுக்கம் உண்டு. குடும்பத்தின் பெருக்கியைக் குடும்ப உறுப்பினர் எண்ணிக்கையால் பெருக்காவிட்டால் கிடைப்பது ஏழைக் குடும்பங்களின் விழுக்காடே, ஏழை மக்களின் விழுக்காடு அன்று. இந்தியாவில் ஏழைக் குடும்பங்கள் சராசரியாகப் பெரியவை. ஆகவே பெருக்க மறந்தவரின் நாட்டில் ஏழைகள் குறைவு. வருவாய் பதிவாகாத இடத்தில் ஸ்டேட்டா ஒரு புள்ளியை வைக்கும். அந்தப் புள்ளியை எல்லா எண்களையும்விடப் பெரியதாகக் கொள்ளும். ‘50,000 ரூபாய்க்கு மேல்’ என்று நிபந்தனையிட்டால் வருவாயே பதிவாகாதவர்களும் உயர்வருவாய்ப் பிரிவில் வந்து சேர்வார்கள். 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பில் நகர்ப்புறக் குடும்பங்களை நான்கு முறை சந்தித்தார்கள். முதல் சந்திப்புக்கு ஒரு கோப்பு, மறுசந்திப்புகளுக்கு இன்னொரு கோப்பு. இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினால் நகரவாசி ஒருவர் நான்கு பேராவார். மாநில எண்களிலும் பொறி உண்டு: 2011-12 கோப்பில் 28 என்ற எண் தெலங்கானாவையும் உள்ளடக்கிய ஆந்திரம், 2014 ஜூன் 2க்குப் பிறகு தெலங்கானா 36 ஆனது, 28 அதே எண்ணோடு சிறுத்துப்போனது. மாவட்டங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2001இல் 593, 2011இல் 640, இன்று எழுநூற்றைத் தாண்டிவிட்டன. இக்ரிசாட் நிறுவனம் தன் மாவட்டத் தரவின் ஒரு தொகுதியை 1966ஆம் ஆண்டின் எல்லைகளுக்கு மீட்டெடுத்துத் தந்திருப்பது இந்தத் தொல்லை அறிந்தே. அந்த உழைப்பைப் பாராட்டி எழுதப்பட்ட கட்டுரைகளைக் காண்பது அரிது. அதைப் பயன்படுத்தி எழுதப்பட்ட கட்டுரைகளோ மிகப் பல.

இத்தகைய பிழைகள் கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமே நேரும் என்ற எண்ணத்தை 2013ஆம் ஆண்டு உடைத்தது. பொதுக்கடன் ஒரு நாட்டின் உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் சராசரி வளர்ச்சி எதிர்மறையாகிறது, அதாவது -0.1 விழுக்காடு என்று கார்மன் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் எழுதியிருந்தனர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிக்கன நடவடிக்கைகளை நியாயப்படுத்த அரசியலாளர்கள் அதைக் கையாண்டனர். மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்த முடிவை மீண்டும் கணக்கிட முயன்றார், இயலவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டுப் பெற்றார். சராசரி எடுக்கும் சூத்திரம் 20 நாடுகளில் ஐந்தைத் தொடாமலே விட்டிருந்தது. மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொல்லின் ஆகிய ஆசிரியர்களோடு அவர் வெளியிட்ட திருத்தத்தில் அந்தச் சராசரி 2.2 விழுக்காடு. நேர்மையாகச் சொன்னால், எக்செல் பிழையின் பங்கு அதில் சிறியது. சில நாடுகளின் சில ஆண்டுகள் விடுபட்டதும், நியூசிலாந்தின் ஒரே ஓராண்டுக்கும் பிரிட்டனின் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் சம எடை தரப்பட்டதுமே பெரிய காரணங்கள். ஆசிரியர்கள் சூத்திரப் பிழையை ஒப்புக்கொண்டனர். மற்ற இரண்டையும் பிழையாக ஏற்கவில்லை. ஆனால் அந்த இரண்டும் விவாதத்துக்கு வந்ததே கோப்பு கிடைத்ததால்தான். கோப்பைக் கொடுத்த அந்த இருவரின் பெயரும் பிழைக்காகவே நினைக்கப்படுகிறது, கொடுத்ததற்காக நினைக்கப்படுவதில்லை என்பது சற்று அநியாயம்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் தயங்குவதற்குக் காரணமும் இதுவே. கோப்பைத் திறந்து காட்டினால் பிழை வெளிப்படும். பிழை வெளிப்பட்டால் மன்னிப்பு இல்லை. நெறியாளரின் மனநிலையைச் சார்ந்தே உதவித்தொகையும் நேர்காணலும் பரிந்துரைக் கடிதமும் நிற்கும் துறையில் இந்த அச்சம் கற்பனையன்று. இன்னோர் அச்சமும் உண்டு: மூன்றாண்டு உழைத்து ஒழுங்குபடுத்திய கோப்பை எடுத்து, வசதியுள்ள இன்னொருவர் மூன்று மாதத்தில் கட்டுரை எழுதிவிடுவார். இதற்கு அறிவுரை தீர்வாகாது. கோப்பை ஒழுங்குபடுத்தியதையே ஒரு படைப்பாக ஏற்று, அதைப் பயன்படுத்துவோர் பெயர் சுட்ட வேண்டும் என்ற வழக்கம் வந்தால்தான் அச்சம் தணியும். பணம் பற்றிய முணுமுணுப்பும் கேட்கிறது. ஸ்டேட்டாவின் உரிமம் பல துறைகளுக்கு எட்டாதது என்பது உண்மை. ஆனால் ஆர் மொழியும் பைத்தானும் விலையின்றிக் கிடைக்கின்றன. எண்களின் வரிசையாக வரும் என்.எஸ்.எஸ். கோப்பை அவை எளிதாகப் படிக்கும். மென்பொருளின் விலை ஒழுங்கின்மைக்குக் காரணமாகாது.

ஒழுங்கு என்பதும் பெரிய வித்தை அன்று. இறக்கிய மூலக்கோப்பு ஒரு கோப்புறையில் இருக்கும். அதில் எவரும் ஒரு புள்ளியும் மாற்றக் கூடாது. கட்டளைக் கோப்புகள் இன்னொன்றில், ஓட வேண்டிய வரிசைப்படி எண்ணிடப்பட்டு இருக்கும். அவை உருவாக்கும் இடைநிலைக் கோப்புகள் மூன்றாவதில். அனைத்தையும் அழித்தாலும் மீண்டும் உருவாக வேண்டும். அட்டவணைகளும் படங்களும் நான்காவதில். கையால் திருத்திய எண் ஒன்றுகூட எங்கும் இருக்கலாகாது. ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும், இணைந்தவை எத்தனை, இருபுறமும் தனித்து நின்றவை எத்தனை என்று எண்ணி, காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும். எழுதிய எடையைக் கொண்டு மக்கள்தொகை, ஆண்-பெண் விகிதம், ஊரக-நகர்ப்புறப் பங்கு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அமைச்சகத்தின் அறிக்கையிலுள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். அறிக்கையில் அச்சான ஓர் அட்டவணையைத் தன் கோப்பிலிருந்து தசமம் பிசகாமல் எடுக்க இயலாதவர், அறிக்கையில் இல்லாத அட்டவணையை எடுக்கத் தொடங்கக் கூடாது. இந்த ஒரு பழக்கமே மேலே சொன்ன பொறிகளில் பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதுகலைப் பாடத்திட்டங்களில் இதற்கு இடமில்லை. மிகச்சிறு வர்க்க முறையின் நிறுவலைத் தேர்வில் கேட்கிறார்கள்; இரண்டு கோப்புகளை இணைக்கத் தெரியுமா என்று கேட்பதில்லை. மாணவர் அதை விடுதி நண்பரிடம் கற்கிறார், யூடியூபில் கற்கிறார், அல்லது பிழைகளோடு கைமாறி வரும் பழைய கட்டளைக் கோப்பிலிருந்து கற்கிறார். ஆங்கிலம் சரளமாக வராத, சிறுநகரக் கல்லூரியிலிருந்து வந்த மாணவருக்கு அந்த நண்பர் வட்டமும் வாய்ப்பதில்லை. எழுதப்படாத அறிவு எப்போதும் உள்ளே இருப்பவர்களுக்கே போய்ச் சேரும். கட்டளைக் கோப்புகள் பொதுவில் கிடந்தால் இந்த மாணவருக்குத்தான் முதற்பயன்.

களத்தில் உழைத்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஒரு கணக்கெடுப்பாளர் பேருந்து போகாத ஊருக்கு நடந்து போகிறார். வேலை முடித்து வந்த ஒரு பெண், அடுப்பு வேலைக்கு நடுவே, கடந்த ஏழு நாளில் எத்தனை முட்டை, எவ்வளவு எண்ணெய் என்று பொறுமையாக விடை சொல்கிறார். அவருக்கு அதனால் ஒரு காசு வரவில்லை. அடையாள எண் பிசகியதால் இணையாமல் நின்று, ‘பொருந்தாதவை நீக்கப்பட்டன’ என்ற ஒரே கட்டளையில் உதிரும் வரிகளில் அவருடைய வரியும் இருக்கலாம்.

செய்ய வேண்டியதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறையிலேயே உள்ளது. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் அவை பிடிஎஃப் கோப்புகளாகச் சேர்கின்றன. தரவைக் கொண்டு எழுதப்பட்ட ஆய்வேட்டோடு அதன் கட்டளைக் கோப்புகளையும் ஒரு விளக்கக் குறிப்பையும் சேர்த்து ஒப்படைக்கச் செய்தால் போதும். மூலத்தரவை வைக்க வேண்டியதில்லை; அது அமைச்சகத்திடம் இருக்கிறது. கட்டளைக் கோப்புகள் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் வாரா. கட்டுரையாக்க அவகாசம் வேண்டுவோர் இரண்டாண்டு மூடி வைத்துக்கொள்ளட்டும். அமெரிக்கப் பொருளியல் சங்கம் தன் இதழ்களுக்கு 2019இல் கொண்டுவந்த கொள்கைப்படி, கட்டுரை அச்சாகுமுன் அதன் தரவும் கட்டளைகளும் சரிபார்க்கப்படுகின்றன. அந்த அளவுக்கு ஆள்பலம் இந்திய இதழ்களுக்கு இல்லை. ஆய்வேட்டின் தேர்வாளருக்கு அது தேவையும் இல்லை.

வாய்மொழித் தேர்வில் வழக்கமான கேள்விகளுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி போதும்: ‘மூன்றாம் இயலின் முதல் அட்டவணையில், முதல் கட்டத்திலுள்ள எண்ணை மூலக்கோப்பிலிருந்து இப்போதே எடுத்துக் காட்டுங்கள்.’ கட்டளைக் கோப்பு ஓடி அதே எண் வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். ஓடாமல் நின்றால், எந்த வரியில் நின்றது என்பது அறையிலுள்ள அனைவருக்கும் திரையில் தெரியும். அந்த வரியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.